நடக்கத் தெரியாத பொம்மைகளுக்காக ஏங்குகிறவர்கள்

இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆன நண்பர் ஒருவரின் கேள்வி இது. அவருடைய அலுவலகத்தில், ஓய்வு பெறும் வயதில் இருக்கும் மேலாளரின் மேசையில் பச்சை நிறத்தில், தொந்தி விழுந்த தவளை மாதிரி ஒரு விமான பொம்மை இருக்கிறதாம். நாற்பது சொச்சம் வயதான இன்னொருவர் அதைக் கையில் எடுத்து உருகிப்போய்ப் பேசினாராம். "தண்டர்பேர்ட்ஸ் என்றார்கள். யூடியூபில் ஐந்து நிமிடம் பார்த்தேன். கயிறு தெரிகிறது, பொம்மைகள் தள்ளாடுகின்றன. இதில் அப்படி என்ன இருக்கிறது? பார்ப்பதென்றால் எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்.

கயிறு தெரிகிறது என்பது உண்மை. பொம்மைகள் தள்ளாடுவதும் உண்மை. ஆனால் அந்தத் தள்ளாட்டத்திலிருந்துதான் இந்தக் கதை முழுவதும் வருகிறது. அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

தண்டர்பேர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் பொம்மைத் தொடரை உருவாக்கிய ஜெர்ரி ஆண்டர்சன், பொம்மைப் படம் எடுக்க ஆசைப்பட்டவர் இல்லை. லண்டனில் 1929-இல் பிறந்து, படத்தொகுப்பு அறைகளில் தொழில் பழகியவர். ஆர்தர் ப்ரோவிஸ் என்ற ஒளிப்பதிவாளரோடு சேர்ந்து 1957-இல் ஏபி ஃபிலிம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். நடிகர்களை வைத்துச் சினிமா எடுப்பதுதான் திட்டம். ஆனால் யாரும் வேலை கொடுக்கவில்லை, கல்லாவும் காலியாகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ராபர்ட்டா லீ என்ற எழுத்தாளர் 52 பகுதிகள் கொண்ட குழந்தைகள் தொடர் ஒன்றோடு வந்தார். ட்விசில் என்ற பொம்மைப் பையனின் கதை. பொம்மையை வைத்து எடுக்க வேண்டும் என்றதும் ஆண்டர்சனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். பொம்மைதான் என்றாலும் சினிமா மாதிரி எடுத்துவிட்டால் யாராவது பார்த்து நிஜமான படத்துக்குக் கூப்பிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. தட்டையாக வரைந்த திரைக்கு முன்னால் பொம்மையை ஆட்டிவிட்டுப் போகும் அந்தக் காலத்து வழக்கத்தை விட்டுவிட்டு, முறையாக விளக்கு அமைத்தார், கேமராவை நகர்த்தினார், க்ளோசப் வைத்தார். பத்து வருடத்துக்கு மேல் அவரைப் பொம்மைகளோடு கட்டிப்போட்டது இந்தக் கணக்குதான்.

இனி நடையைப் பற்றி. கயிற்றில் தொங்கும் பொம்மைக்குக் காலில் எடை கிடையாது. தரையில் பாதம் ஊன்றாது, மிதந்து மிதந்து வரும். நாட்டுப்புறக் கதையிலோ காமெடியிலோ அது ஒரு அழகு. ராக்கெட் ஓட்டும் வீரன் அப்படி மிதந்து வந்தால் யார் நம்புவார்கள்? ஆண்டர்சன் குழுவுக்குக் கடைசிவரை இதற்கு நேரடியான தீர்வு கிடைக்கவில்லை. அதனால் நடக்காமலிருக்க வழி தேடினார்கள். 1961-இல் வந்த சூப்பர்கார் தொடரில் கதாநாயகனைப் பறக்கும் காரில் உட்கார வைத்தார்கள். அடுத்த வருடம் வந்த ஃபயர்பால் எக்ஸ்எல்5 விண்வெளிக் கதை. அதில் கப்பலை விட்டு இறங்கினால் ஒவ்வொருவருக்கும் தரையில் படாமல் பறக்கும் ஒரு ஸ்கூட்டர். விண்வெளியில் ஹெல்மெட்கூடக் கிடையாது, ஆக்ஸிஜன் மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் போதும்! 1964-இல் வந்த ஸ்டிங்ரே நீர்மூழ்கிக் கப்பல் கதை. அதில் தளபதி ஷோர் கால் ஊனமுற்றவர், மிதக்கும் நாற்காலியில்தான் எங்கும் போவார். கதைக்கு அது ஒரு சோகம், பொம்மையாட்டிகளுக்கு நிம்மதி.

1965 செப்டம்பர் 30 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கிய தண்டர்பேர்ட்ஸில் இந்தத் தந்திரம் ஒரு கலையாகவே ஆகிவிட்டது. தெற்குப் பசிபிக்கில் ஒரு ரகசியத் தீவு. ஜெஃப் ட்ரேசி என்ற முன்னாள் விண்வெளி வீரரும் அவருடைய ஐந்து மகன்களும் உலகில் எங்கு ஆபத்து என்றாலும் போய்க் காப்பாற்றுகிறார்கள். அழைப்பு வந்ததும் மூத்தவன் ஸ்காட் வரவேற்பறைச் சுவரில் இருக்கும் இரண்டு விளக்குகளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சுவர் அப்படியே சுழன்று அவனை உள்ளே கொண்டுபோய்விடும். வர்ஜில் ஒரு ராக்கெட் ஓவியத்தின் முன் முதுகைச் சாய்த்து நிற்பான். ஓவியம் சாய, அவன் தலைகீழாகச் சறுக்கி, நேராக விமானத்தின் ஓட்டுநர் இருக்கையில் போய் விழுவான். ஆலன் சோஃபாவில் உட்கார்ந்திருப்பான், சோஃபாவே தரைக்குள் இறங்கிப் போகும். வெளியே நீச்சல் குளம் நகர்ந்து ராக்கெட்டுக்கு வழி விடும். தென்னை மரங்கள் இருபக்கமும் சாய்ந்து அந்தப் பச்சைத் தொந்தி விமானம் ஓடுபாதைக்கு வர இடம் கொடுக்கும்.

கவனித்தீர்களா, இத்தனை நடந்தும் ஒருவர்கூட ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே நடக்கத் தெரியாதவர்களுக்காகக் கூடத்தையே நகர வைத்துவிட்டார்கள். உங்கள் மேலாளர் ஏங்குவது பெரும்பாலும் இந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் இருக்கும். சோஃபாவில் உட்கார்ந்தபடி, அதுவும் தன்னைத் தரைக்குள் கொண்டுபோகாதா என்று காத்திருந்த வயது அது.

தலை ஏன் அவ்வளவு பெரிது என்றும் கேட்பீர்கள். இந்தப் பொம்மைகள் ஏறக்குறைய 20 அங்குல உயரம். நடிகர்களின் குரலை முதலில் டேப்பில் பதிவு செய்துவிடுவார்கள். அந்த ஒலியை மின்துடிப்பாக மாற்றி, பொம்மையைத் தாங்கும் மெல்லிய உலோகக் கம்பி வழியாகவே தலைக்குள் அனுப்புவார்கள். அங்கே இருக்கும் சோலினாய்டு, அதாவது சின்ன மின்காந்தச் சுருள், ஒவ்வொரு அசைக்கும் கீழுதட்டை இழுக்கும். அதனால் மற்ற பொம்மைப் படங்களைவிட உதட்டசைவு இங்கே நன்றாகப் பொருந்தும். ஆனால் அந்தச் சுருளுக்கு இடம் வேண்டுமே? தலை பெருத்துவிட்டது. சிரிக்கும் தலை, முகம் சுளிக்கும் தலை என்று முக்கியமான பாத்திரங்களுக்குத் தனித்தனித் தலைகள் இருந்தன, காட்சிக்குத் தக்கபடி கழற்றி மாட்டுவார்கள். பொத்தானை அழுத்துவது, கோப்பையைப் பிடிப்பது போன்ற க்ளோசப்களில் தெரிவது நிஜ மனிதரின் கை. இந்த முறைக்கெல்லாம் சேர்த்து ஆண்டர்சன் 'சூப்பர்மேரியனேஷன்' என்று பெரிய பெயர் ஒன்று வைத்தார். பொம்மைப் படம் என்று சொல்லக் கூச்சப்பட்டவர் வைத்த பெயர் என்பது கேட்டாலே தெரியும்.

கிறிஸ்டீன் கிளான்வில், மேரி டர்னர் போன்ற பொம்மையாட்டிகள் அரங்குக்கு மேலே கட்டிய பாலத்தில் நின்று ஆட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் பொம்மையின் உச்சந்தலைதான் தெரியும். அதனால் கேமரா பார்ப்பதை அவர்களுக்கும் காட்ட டிவி திரை வைத்தார்கள். இன்று எந்தப் படப்பிடிப்பிலும் இயக்குநர் முன்னால் இருக்கும் மானிட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அது இங்கே 1960களிலேயே வேலைக்கு வந்துவிட்டது.

இதெல்லாம் நடந்த இடம் லண்டனுக்கு மேற்கே ஸ்லாவ் தொழிற்பேட்டை. ஹாலிவுட் கனவோடு இருந்த ஒரு மனிதர், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு கொட்டகையில் எதிர்கால உலகத்தைக் கட்டினார். அவரோடு இருந்தவர்களில் என்னைப் பொறுத்தவரை பெரிய மேதை டெரெக் மெட்டிங்ஸ். மாதிரி உருவங்களும் வெடிப்புகளும் இவர் பொறுப்பு. விமானம் தரையிறங்கும் காட்சியில் விமானத்தை ஓட்டாமல், தரையையும் வானத்தையும் துணிப் பட்டைகளாக உருளைகளில் சுற்றி ஓட விட்டார். விமானம் இருந்த இடத்திலேயே தொங்கும், ஓடுபாதை அடியில் ஓடும். பொம்மைக் கார் ஓடும்போது பின்னால் புழுதி கிளம்ப வேண்டும் என்றால் அதன் அடியில் குட்டி ராக்கெட் மோட்டார் ஒன்றைக் கட்டி வைப்பார். எல்லாவற்றையும் வேகமாக ஓடும் கேமராவில் எடுத்து, சாதாரண வேகத்தில் ஓட்டிக் காட்டுவார். அப்போதுதான் கையளவு நெருப்பு கட்டடத்தை விழுங்கும் நெருப்பு மாதிரி மெதுவாக எழும்பும்.

இன்னொன்றும் செய்தார், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கடையில் வாங்கும் மாதிரி விமானக் கிட்களின் துண்டுகளை ஒட்டி யந்திரங்களை நுணுக்கமாக்கிவிட்டு, புது மெருகோடு விடாமல், பென்சில் தூள், வர்ணப் பொடி எல்லாம் தேய்த்து அழுக்காக்குவார். அதுவரை திரையில் வந்த ராக்கெட்டுகள் பெரும்பாலும் பளபளப்பானவை. மெட்டிங்ஸின் யந்திரங்களில் எண்ணெய்க் கறையும் புகைக் கரியும் இருக்கும், நேற்றும் வேலைக்குப் போய் வந்தவை மாதிரி. பின்னாளில் அவர் ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்குப் போனார், 1978-இன் சூப்பர்மேன் படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய குழுவில் இருந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த பிரையன் ஜான்சன் பின்னர் ஏலியன் படத்துக்கு வேலை செய்து ஆஸ்கர் வாங்கினார். ஸ்லாவ் கொட்டகையில் படித்த பாடம் எதுவரை போனது பாருங்கள்.

இந்தத் தொடருக்கான யோசனை ஜெர்மனியில் நடந்த ஒரு விபத்திலிருந்து வந்தது. 1963 அக்டோபரில் லெங்கெடே என்ற ஊரில் இரும்புச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. 29 பேர் இறந்தார்கள். இரண்டு வாரம் உள்ளே கிடந்த 11 பேரைத் துளை போட்டு உயிரோடு மேலே எடுத்தார்கள். அதற்கான பெரிய துளைக் கருவி பிரேமன் நகரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. கருவி வந்து சேரும்வரை உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று யோசித்த ஆண்டர்சனுக்கு, எல்லாக் கருவிகளும் தயாராக இருந்து, ஒரு மணி நேரத்தில் பறந்து வந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றியது. உங்கள் மேலாளர் மேசையில் இருக்கும் தண்டர்பேர்ட் 2-க்குத் தொந்தி இருப்பது அதனால்தான். நடுவில் இருக்கும் அந்தப் பெட்டியைக் கழற்றி மாற்றலாம். பூமியைத் துளைக்கும் யந்திரமும் அதற்குள்தான் வரும், மஞ்சள் நிறக் குட்டி நீர்மூழ்கியும் அதற்குள்தான் வரும்.

பெயரும் ஒரு சொந்தத் துக்கத்திலிருந்து வந்தது. ஆண்டர்சனின் அண்ணன் லயனல் விமானப் படையில் இருந்தவர், 1944-இல் போரில் இறந்தார். அரிசோனாவில் பயிற்சியில் இருந்தபோது வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் பக்கத்தில் இருந்த தண்டர்பேர்ட் ஃபீல்டு என்ற விமானத் தளத்தைக் குறிப்பிட்டிருந்தார். அந்தப் பெயர் தம்பிக்கு மறக்கவில்லை. ஐந்து மகன்களுக்கும் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களின் பெயர்களை வைத்தார்கள். ஜான், ஸ்காட், ஆலன், கார்டன், வர்ஜில். போர் முடிந்து இருபது வருடம்தான் ஆகியிருந்த நாட்டில், யாரையும் சுடாமல் ஆட்களைக் காப்பாற்றுவதையே வேலையாக வைத்திருந்த வீரர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். வில்லன் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலான கதைகளில் எதிரி ஒரு பழுதடைந்த யந்திரமோ, சரிந்த கட்டடமோ, ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரமோதான்.

முதல் பகுதியைப் பார்த்ததும், பணம் போட்ட லூ கிரேட், இது டிவி தொடர் இல்லை, சினிமா என்று சொல்லிவிட்டு, 25 நிமிடத்தை 50 ஆக்கச் சொன்னார். ஏற்கெனவே எடுத்த பகுதிகளையும் இழுத்து நீட்ட வேண்டியதாயிற்று. புறப்பாட்டுக் காட்சிகள் அவ்வளவு நிதானமாக நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் ஐந்து நிமிடத்தில் அலுத்துப்போனதில் தப்பே இல்லை. ஆனால் பாரி கிரேயின் பித்தளை வாத்திய இசை பின்னால் முழங்க, ஒரு யந்திரம் குகைக்குள்ளிருந்து மெல்ல மெல்ல வெளிவருவதை அவசரப்படுத்தினால் அது வெறும் போக்குவரத்து. தேர் அசைந்து நிலையைவிட்டு நகர்வதைப் பார்க்கிற பொறுமையோடு பாருங்கள்.

உங்கள் அலுவலகத்தில் இரண்டு வயதுக்காரர்கள் உருகியதற்குக் காரணம், இங்கே இரண்டு தலைமுறை ஏக்கம் இருக்கிறது. முதல் தலைமுறை 1965-66 பிள்ளைகள். இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் விற்பதற்காக ஸ்டிங்ரேயிலிருந்தே எல்லாவற்றையும் கலரில்தான் எடுத்தார்கள். ஆனால் பிரிட்டனில் இவற்றை ஒளிபரப்பிய ஐடிவி சேனல் கலருக்கு மாறியது 1969 நவம்பரில். அதனால் அந்தப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தார்கள். தண்டர்பேர்ட் 2 பச்சை என்பதும், ட்ரேசிகளின் லண்டன் உளவாளியான லேடி பெனலோபியின் ரோல்ஸ் ராய்ஸ் ரோஸ் நிறம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது டிங்கி கம்பெனியின் பொம்மைகளிலிருந்தும், டிவி செஞ்சுரி 21 என்ற வார இதழிலிருந்தும்தான். அந்த இதழ் நூறு வருடம் கழித்து வரும் செய்தித்தாள் மாதிரியே அச்சடிக்கப்பட்டது, தேதியில் 2065 என்றிருக்கும். பாதி நிறத்தைப் பிள்ளைகள் தங்கள் கற்பனையிலிருந்து போட்டுக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தது லேசில் மறக்காது.

இரண்டாவது தலைமுறை 1991-இல் பிபிசி 2 வெள்ளிக்கிழமை மாலைகளில் மறுஒளிபரப்பு செய்தபோது உருவானது. நானும் அதில் ஒருவன். அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்கு ட்ரேசி தீவு பொம்மை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை, அப்பாக்கள் கடை கடையாக அலைந்தார்கள். 1993 ஜனவரியில் ப்ளூ பீட்டர் என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் அந்தியா டர்னர், வீட்டில் கிடக்கும் காலி டப்பாக்களையும் காகிதத்தையும் வைத்து அந்தத் தீவை எப்படிச் செய்வது என்று காட்டினார். செய்முறைத் தாள் கேட்டுக் கடிதங்கள் வந்து குவிந்தன. நாங்கள் செய்த தீவு இரண்டு நாளில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அம்மா அதன் மேல் துணி மடித்து வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுப் போக மனம் வரவில்லை. இன்று பார்த்தால் உறுத்தும் விஷயங்கள் உண்டு. ஆசிய முகம் என்றால் ஒன்று பணிவான வேலைக்காரர் கைரானோ, இல்லை கண் மின்னி வசியம் செய்யும் வில்லன் ஹூட். கைரானோவின் மகள் டின்-டின் படித்த பொறியாளர், ஆனால் பல பகுதிகளில் அவருக்குச் சொல்லும்படி வேலை இல்லை. விதிவிலக்கு லேடி பெனலோபி. குரல் கொடுத்தவர் ஆண்டர்சனின் அப்போதைய மனைவி சில்வியா. பாத்திரங்களை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மணமுறிவுக்குப் பிறகு அந்தப் பங்கு பல இடங்களில் பேசப்படாமலே போனது அநியாயம்.

அப்புறம் ஆண்டர்சன் என்ன செய்தார்? பொம்மையை நிஜ மனிதனாக்கும் முயற்சியை விடவில்லை. 1967-இல் வந்த கேப்டன் ஸ்கார்லெட்டில் சோலினாய்டைத் தலையிலிருந்து மார்புக்கு இறக்கி, மனித அளவுப் பொருத்தத்தோடு பொம்மை செய்தார்கள். கதையும் இருட்டு. செவ்வாயில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத எதிரிகள், செத்தாலும் மீண்டு எழும் கதாநாயகன். அதில் ஒரு கவச வண்டியின் ஓட்டுநர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, திரையில் முன்பக்கம் பார்த்து ஓட்டுவார். ஏன் அப்படி என்று கேட்காதீர்கள், பத்து வயதில் அது அவ்வளவு நியாயமாகப் பட்டது. ஆனால் பொம்மைகள் அழகாகிவிட்டனவே தவிர, உயிர் குறைந்துவிட்டது என்பேன். லேடி பெனலோபியின் கார் ஓட்டுநரான, தலை பெருத்த பார்க்கர் "எஸ், மிலேடி" என்றால் ஒரு ஆள் தெரிவார். அளவு சரியான ஸ்கார்லெட் கடை வாசலில் நிற்கும் துணிக்கடைப் பொம்மை மாதிரி இருப்பார். 1968-இல் ஜோ 90, 1969-இல் நிஜ நடிகரையும் பொம்மையையும் கலந்த தி சீக்ரெட் சர்வீஸ். பின்னதை லூ கிரேட் 13 பகுதிகளோடு நிறுத்திவிட்டார். அடுத்து வந்த யூஎஃப்ஓ முழுக்க நடிகர்கள். கடைசியில் ஆசைப்பட்டது கிடைத்தது. ஆனால் 2012-இல் அவர் இறந்தபோது செய்திகள் எல்லாம் தண்டர்பேர்ட்ஸைத்தான் பேசின.

2004-இல் நடிகர்களை வைத்து எடுத்த படம் கவிழ்ந்தது. 2015-இல் கணினி வரைகலைப் பாத்திரங்களோடு ஐடிவி புதுத் தொடர் கொண்டுவந்தது. அது மோசமில்லை, பழைய பார்க்கரின் குரலான டேவிட் கிரகாமே அதிலும் பேசினார். ஆனால் அதே வருடம் ரசிகர்களின் பணத்தில் சிலர், 1960களில் இசைத்தட்டுக்காகப் பழைய நடிகர்கள் பேசிய ஒலிப்பதிவுகளை எடுத்து, பழைய முறையிலேயே கயிறு, சோலினாய்டு, வெடிப்பு எல்லாம் வைத்து மூன்று பகுதிகள் எடுத்தார்கள். நன்றாக நடக்கும் பொம்மையைச் செய்ய இப்போது ஆயிரம் வழி இருந்தும், அவர்கள் கவனமாகத் தள்ளாட வைத்தார்கள்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? தண்டர்பேர்ட்ஸ் முதல் பகுதியான 'ட்ராப்ட் இன் தி ஸ்கை'. அணுசக்தியில் பறக்கும் பயணிகள் விமானத்தின் சக்கரப் பகுதியில் குண்டு வைத்துவிடுகிறார்கள். இறங்கினால் வெடிக்கும், இறங்காமல் பறந்தால் கதிர்வீச்சில் எல்லோரும் இறப்பார்கள். ஓடுபாதையில் மூன்று தாங்கு வண்டிகளை வேகமாக ஓட்டி, அவற்றின் மேல் விமானத்தை இறக்கப் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு வண்டி கட்டுப்பாடு இழந்து விலகிப் போய் மோதி வெடிக்கும், கவனியுங்கள். கதையில் அது இல்லை. படப்பிடிப்பில் இழுத்துப்போன கம்பி அறுந்து நிஜமாகவே ஓடிப்போய்விட்டது. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கேற்ப மாற்று வண்டி ஒன்று வருவதாகக் கதையில் சேர்த்துவிட்டார்கள்.